கடைசி நிரை பற்றிய ஒற்றை வரி

களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் பெயர் ஒரு வேடிக்கைக் கதையோடுதான் அறிமுகமாகியிருக்கும் என்பதை அறிவேன். தோட்டப் பெண்களின் நல்வாழ்வு பற்றி எங்கள் அரசாங்கப் பிரிவு தயாரித்த அறிக்கையில் மகப்பேறு, குடிநீர், மலசலகூடம், பிள்ளைக்காம்பரா எனும் குழந்தைக் காப்பகம் என ஒழுங்காக வரும் பரிந்துரைகளின் நடுவே ஒரு வரி தனியாக நிற்கிறது. "கொழுந்து பறிக்கும் நிரைகளைப் பெண்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தில் எந்தத் தோட்ட நிர்வாகமும் தலையிடலாகாது." பயிற்சி வகுப்புகளில் இந்த வரியை வாசித்துக் காட்டி, முக்கியமானதையும் அற்பமானதையும் பிரித்தறியாத விசாரணையாளருக்கு உதாரணமாக என்னைக் குறிப்பிடுகிறார்களாம்.

இன்னொரு சாரார் சிரிப்பதில்லை. நான் விசாரணைக்குப் போன தோட்டத்தில் பெரிய விவகாரம் ஒன்று நடந்தது, அங்குள்ள பெரிய கிளாக்கரான தலைமை எழுத்தர் வீட்டில் விருந்துண்டபின் நான் அதை மறைத்துவிட்டேன் என்கிறார்கள். முதற் கூட்டத்தாருக்கு நான் மூடர். இரண்டாம் கூட்டத்தாருக்கு விலைபோனவர். மூடர் என்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம்.

அண்மையில் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, அந்த வரிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும், அவர் யார், குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று மிகப் பணிவாகக் கேட்டார். ஆய்வுக்காகவாம். தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். பணிவாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி முன்னரும் ஒருமுறை என்னிடம் கேட்கப்பட்டது. எங்கே, யாரால் என்பதை இனிமேல் வாசிப்பீர்கள்.

இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளியினரான தோட்ட மக்களின் வாக்குரிமை போய்ச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. கிராமசபைக்கு அவர்கள் ஊரவர் அல்லர். பாராளுமன்றத்துக்கு வாக்காளர் அல்லர். தோட்ட அதிகாரியான துரையின் அலுவலகம், அந்தக் கந்தோரே அவர்களுக்கு அரசாங்கம். இந்த நிலையில் அவர்களுடைய பெண்களின் நலம் பற்றி விசாரித்துவர உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பெண், கல்லூரிப் படிப்பு, மணமாகாதவள், காலில் சப்பாத்து, கையில் குடை. தங்கும் விடுதியறை தருவதாகத் தோட்ட நிர்வாகம் சொன்னது. நான் மறுத்து, கடைவீதியில் ஓர் ஆசிரியை வீட்டில் அறை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் காலை பஸ்ஸில் போய்வந்தேன்.

லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் பெண்களுக்கு நான் யாரையெல்லாம் இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று ஆள் பார்க்க வந்தவள். தொழிற்சங்கத் தலைவருக்கு நான் கம்பனியின் ஒற்றர். கந்தோருக்கோ நான் தொழிற்சங்கத்தின் ஒற்றர். என்னை நம்பியவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. நானும் எவரையும் நம்பவில்லை. எங்கள் தொழிலைத் தொடங்குவதற்கு அது மோசமான அடிப்படை அன்று.

முதல் நாள் கந்தோர் விறாந்தையில் எனக்கு மேசையும் நாற்காலியும் போடுவித்தவர் பெரிய கிளாக்கர். அவரும் யாழ்ப்பாணத்தவர், என் தமையனாரோடு ஒரே வகுப்பில் படித்தவர். பெண்கள் ஒவ்வொருவராக அழைத்துவரப்பட்டனர். சற்றுத் தள்ளித் தூணில் சாய்ந்தபடி தோட்டத்தின் அந்தப் பிரிவுக்குரிய கணக்கப்பிள்ளை நின்றார். கணக்கப்பிள்ளை என்றதும் கணக்கு எழுதுபவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் வேலை வாங்குபவர் அவர். இன்று யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று சொல்லி அவர்களின் அன்றைய சம்பளத்தைத் தீர்மானிப்பவர். இளைஞர், சுத்தமான உடுப்பு, எவரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு.

"வேலைத்தலத்தில் ஏதும் குறை உண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க டீச்சரம்மா. எல்லாரும் நல்லபடியா நடத்துறாங்க."

படித்த பெண் எவரும் அவர்களுக்கு டீச்சரம்மாதான். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். சொற்கள் இம்மியும் மாறவில்லை. வெற்றிலை போட்ட வயதான பெண் ஒருவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க டீச்சரம்மா. எல்லாரும் நல்லபடியா நடத்துறாங்க."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே?"

"கேட்டா என்னங்க, கேக்காட்டி என்னங்க? பதிலு அதாங்க."

வரிசையில் நின்றவர்கள் கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தூணில் சாய்ந்திருந்தவரும் சிரித்தார்.

எங்கள் பிரிவுத் தலைவர் அதிகம் பேசாதவர். நான் பணியில் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் உன் கேள்வியைச் சந்தேகி. ஒரே சொற்களில் சொன்னால் நீ கேட்கும் இடத்தைச் சந்தேகி." விறாந்தையில் எனக்கு அந்தச் சொற்கள் நினைவுக்கு வந்தன. கோப்பை மூடிவிட்டு, இனி மலையில் வைத்தே விசாரிக்கப்போகிறேன் என்று பெரிய கிளாக்கரிடம் சொன்னேன்.

"மலையிலையோ? அட்டை கடிக்கும் பிள்ளை. சப்பாத்துக்குள்ளாலை ஏறும்."

"ஏறட்டும்" என்றேன். ஏறவும் செய்தது.

மலை என்று அவர்கள் சொல்வது ஒரு தேயிலைத் துண்டு நிலத்தை. காலையில் அங்கே கங்காணி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை ஒதுக்குவார்; அவரவர் நிரையில் இறங்கிப் பறித்துக்கொண்டு போக வேண்டும். நான் றோட்டோரம் நின்று பார்த்தேன். ஒதுக்கி முடிந்து, கணக்கப்பிள்ளை அடுத்த கூட்டத்தைப் பார்க்க மேலே திரும்பியதும், பெண்கள் ஒரு சொல்லும் பேசாமல் நிரை மாறிக்கொண்டார்கள். கூத்தில் ஆட்டக்காரர் இடம் மாறுவதுபோல அவ்வளவு பழக்கப்பட்ட மாற்றம். ஓரத்துக் கடைசி நிரைக்குப் பெயர் குறிக்கப்பட்டிருந்தவள் ஓர் இளம்பெண். இறங்கியவரோ வயதான ஒருவர். அந்த நிரை மற்றவற்றை விட்டு விலகி, மானாப்புல் மண்டிய பள்ளத்தை ஒட்டிக் கீழே போகும். பனி மூடினால் பக்கத்து நிரையில் நிற்பவரின் கூடைகூடத் தெரியாது.

முதலில் சாதியாக இருக்கும் என்று சந்தேகித்தேன். பிறகு சோம்பலோ என்று சந்தேகித்தேன். இரண்டும் பொருந்தவில்லை. தொடர்ந்து பல நாள் பார்த்த பின்னரே ஒன்று பிடிபட்டது. கணக்கப்பிள்ளை தோட்டத்தின் வேறு பிரிவுக்குப் போய், கங்காணி மட்டும் நின்று வேலை வாங்கிய நாட்களில் ஒருவரும் நிரை மாறவில்லை. கடைசி நிரையில் இளம்பெண்களே பாட்டுப் பாடிக்கொண்டு பறித்தார்கள்.

வெற்றிலைக்கார அம்மாவிடம் கேட்டேன். "ஏன் நிரை மாறுகிறீர்கள்?"

"அட்டைங்க. கீழ நெரையில அட்டை ஜாஸ்தி. சின்னப் புள்ளைங்களுக்கு அட்டைன்னா பயம்."

"உங்களுக்குப் பயமில்லையா?"

"எங்க ரத்தம் புளிச்சுப் போச்சு டீச்சரம்மா. வாய வெச்சாத் துப்பிட்டுப் போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின், கணக்கப்பிள்ளை இல்லாத நாட்களில் அட்டை எங்கே போகிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அவர்கள் கட்டிவைத்திருந்த அரணை நான் பார்த்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் காட்டிக்கொள்வதால் எனக்குத்தான் பெருமை; அவர்களுக்கு ஆபத்து.

அந்த வார இறுதியில், வேலை முடிந்து பெண்கள் கூடும் பீலியடிக்குப் போனேன். மலையிலிருந்து குழாய்வழி விழும் தண்ணீரில் குளிப்பவர்கள், துவைப்பவர்கள் என்று நல்ல கூட்டம். ஓரத்துக் கல்லில் கம்பளி கசக்கிக்கொண்டிருந்த நடுவயதுப் பெண் ஒருவர், தலையை நிமிர்த்தாமல் பேசினார். அவரைச் செல்லாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவருடைய பெயர் அன்று.

"டீச்சரம்மா, என்னையப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே கேளுங்க."

நான் பீலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க வந்தது எங்கள இந்தியாவுக்கு ஏத்தத்தானே?"

"இல்லை."

"இல்லேன்னுதான் சொல்லுவீங்க. சரி, அத விடுங்க. அதுக்கு இன்னும் நாளிருக்கு. திங்கக்கெழமதான் இப்ப எனக்கு முக்கியம்."

திங்கட்கிழமை முதல் நிரை மாற்றக்கூடாது, மாற்றினால் அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை கட்டளை போட்டிருந்தார். கடைசி நிரையில் கொழுந்து குறைகிறது என்பது அவர் கந்தோருக்குச் சொன்ன காரணம். வயதானவர்கள் பறித்தால் குறையத்தானே செய்யும்?

"எம் மருமக புதுசுங்க. பூண்டுலோயாப் பக்கத்துப் புள்ள. கட்டிக்கிட்டு வந்து கொஞ்ச நாளுதான் ஆவுது. 'திங்கக்கெழம தொங்கல் நெர ஒம் மருமகளுக்குத்தான்'னு அந்தாளு சொல்லிட்டுப் போறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

தொங்கல் என்றால் கடைசி. "முன்பு யாருக்காவது ஏதும் நடந்ததா?" என்று கேட்டேன்.

"நடந்துச்சு. அந்தப் புள்ள இப்ப இங்க இல்ல. அதுக்கு மேல கேக்காதீங்க."

"உங்கள் மகனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா? செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு ஓடுவான். ஓடுனா ஜெயிலு. ஓடாட்டி பொண்டாட்டியச் சந்தேகப்படுவான். எப்பிடின்னாலும் அவ வாழ்க்கைதான் போவும்."

"சங்கத் தலைவரிடம் சொல்லலாமே?"

"தலைவரு ஆம்பளைங்க. மொத வேலையாக் கூட்டம் போடுவாரு. கூட்டத்துல மொத வார்த்தையா அவ பேரச் சொல்லுவாரு."

கம்பளியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "நான் பேசுனேன்னு தெரிஞ்சா குடும்பத்தோட பத்துச்சீட்டுதான். லயத்த விட்டு எறங்குனா எங்கங்க போறது? இந்த நாட்டுலயும் எங்களுக்குப் பேரு இல்ல, அந்த நாட்டுலயும் இல்ல. ஏதாச்சும் செய்வீங்கன்னு சொல்லல. செஞ்சா என் வாயிலருந்து வந்ததா இருக்கக்கூடாது."

பத்துச்சீட்டு என்பது வேலைநீக்கம். வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும்.

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். உண்மை கையில் இருக்கிறது. சொன்னவரைச் சொல்லாமல் அந்த உண்மையைச் சொல்ல வழி இல்லை. சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை வந்துவிடும். ஒழுங்கான வாக்குமூலம் எடுத்து மேலே அனுப்பலாம். கொழும்பிலிருந்து பதில் வருமுன் அந்தக் குடும்பம் றோட்டில் நிற்கும். பாடநூல்கள் உங்களுக்கு வினாக்கொத்துத் தயாரிக்கக் கற்றுத்தரும். இதற்கு அவற்றில் ஒரு பக்கமும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பெரிய கிளாக்கர் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். போகாவிட்டால் சந்தேகம் என் மீது திரும்பும் என்பதால் போனேன். விருந்துண்டேன் என்று என்மீது சொல்லப்படும் பழியில் அந்தப் பகுதி மட்டும் உண்மை. அவருடைய மனைவியார் பரிமாறிவிட்டு உள்ளே போனதும் அவர் பேச்சைத் தொடங்கினார்.

"நேற்றுப் பின்னேரம் பீலியடியிலை ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டனீராம்."

"கன பேரோடை கதைச்சனான்."

"இல்லைப் பிள்ளை, ஒராளுக்குக் கிட்ட கனநேரம் நிண்டதெண்டு சொல்லுறாங்கள்."

"ஆர் சொல்லுறது?"

"அது கிடக்கட்டும். பாரும், உம்மடை தமையனும் நானும் ஒரு வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். நீர் எனக்குத் தங்கச்சி மாதிரி. என்ன சோலியெண்டாலும் துரையிட்டைப் போகாமல் நான் தீர்த்துவைப்பன். ஆர் சொன்னதெண்டு மட்டும் சொல்லும். அந்த மனுசிக்கு ஒரு தீங்கும் வராமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. மனமாரவே அந்த வாக்கைத் தந்திருக்கலாம். அவரே உண்மையில் அந்தக் கணக்கப்பிள்ளைமீது ஐயம் கொண்டு, அதை உறுதிப்படுத்தத் தேடியிருக்கவும் கூடும். இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பெயரைக் கொடுத்தபின் அதைத் திரும்ப வாங்க முடியாது. அவர் நல்லவராயிருந்தாலும் அவருடைய கந்தோருக்குக் கதவு உண்டு, யன்னல் உண்டு, மற்றவர்களும் உண்டு.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து, குரலை இறக்கினார். "பிள்ளை கோவிக்கக்கூடாது. தனியா வந்த குமர்ப்பிள்ளை லயம் லயமாய் ஏறி இறங்கிறதை ஊரிலை கேள்விப்பட்டால் என்ன நினைப்பினம்? நான் எழுதமாட்டன். ஆனால் ஆக்கள் எழுதுவினம்."

"எழுதட்டும். விலாசத்தைச் சரியாய்ப் போடச்சொல்லுங்கோ" என்று சொல்லி, சாப்பாட்டுக்கு நன்றி கூறி எழுந்தேன். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பீலியடியில் நான் ஒருவரிடம் நின்றது கவனிக்கப்பட்டுவிட்டது. அந்த ஒருவரை மறைப்பதற்கு எல்லாரிடமும் நிற்பதுதான் வழி. நேரே பீலியடிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் லயமே அங்கே இருந்தது. துவைகல் துவைகல்லாகப் போய், ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே அளவு நேரம் நின்று, அரிசியின் தரம், அட்டைக்கு மருந்து, பிள்ளைகளின் இருமல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் விசாரித்தேன். பொழுது சாயும்போது எனக்குப் பைத்தியம் என்று தோட்டம் முடிவுகட்டிவிட்டது.

"ஏங்க டீச்சரம்மா, ஒங்க ஊருல ஒங்களுக்கு மாப்பிள்ளை பாக்கலீங்களா?" என்றாள் ஒருத்தி.

"பாத்துருப்பாங்கடி. இந்த மாதிரி கேள்வி கேட்டா எந்த மாப்பிள்ளை நிப்பான்? கொடையத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பான்" என்றார் வெற்றிலைக்கார அம்மா. சிரிப்பு பள்ளத்தில் எதிரொலித்தது. செல்லாயியின் கல்லுக்கும் போனேன். அவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒரு கொறையும் இல்லீங்க டீச்சரம்மா" என்றார்.

அங்கிருந்து துரையின் பங்களாவுக்குச் சென்றேன். ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பும் எண்ணத்திலிருந்த வயதான வெள்ளையர் அவர். எந்தச் சங்கம் என்னை அனுப்பியது என்பதே அவருடைய முதற் கேள்வி. அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எவர்மீதும் ஒரு குற்றமும் சொல்லவில்லை. கடைசி நிரையில் கொழுந்து குறைவதாகக் கந்தோரில் சொல்கிறார்கள், அதற்குக் காரணத்தைத் தாங்களே நேரில் பார்ப்பது நன்று, நாளை நிரை ஒதுக்கும்போது நானும் அங்கே நிற்பேன் என்று மட்டும் கூறினேன். கொழுந்து குறைவது எந்தத் துரைக்கும் பொறுக்காத விடயம். வருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பனி இறங்கியிருந்தது. துரையைக் கண்டதும் கணக்கப்பிள்ளை திகைத்தார். பிறகு அந்த வருகை தம் கட்டளைக்குக் கிடைத்த மதிப்பு என்று எடுத்துக்கொண்டார்போலும். குரலை உயர்த்தி, இனி நிரை மாற்றினால் அரைப்பேர் என்று அறிவித்தார். கங்காணி பெயர் சொல்லத் தொடங்கினார். நிரைகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

"செல்லாயி மருமக, தொங்கல் நெர!"

மருமகள் அசையவில்லை. செல்லாயி கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு கடைசி நிரையை நோக்கி அடியெடுத்து வைத்தார்.

"நீ நில்லு. ஒன் நெர அங்க" என்றார் கணக்கப்பிள்ளை. "மருமக போவட்டும். கால் இல்லையா அவளுக்கு?"

செல்லாயி வாய்விட்டுக் கதறிவிடுவார் என்று அஞ்சினேன். ஒரு சொல் போதும். அவர்தாம் சொன்னவர் என்று எல்லார் முன்னிலையிலும் ஆகிவிடும். அவர் கதறவில்லை. தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையைத் தரையில் வைத்தார். பக்கத்து நிரையில் நின்றவர் அதைப் பார்த்தார். அவரும் கூடையை இறக்கினார். அதற்கடுத்தவர், அதற்கும் அடுத்தவர். பனிக்குள் என் கண்ணுக்குத் தெரியாத நிரைகளிலிருந்தும் கூடைகள் மண்ணில் பட்ட ஓசை கேட்டது. கடைசி நிரை மாத்திரம், யாரும் இல்லாமல், பள்ளத்தை நோக்கி இறங்கிக் கிடந்தது.

"என்னா சங்கதி? ஏன் எல்லாம் நிக்குது?" என்றார் துரை, தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில்.

"சோம்பேறிக் கூட்டம் தொரை! ரொம்ப நாளா இப்பிடித்தான்" என்று கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டார்.

துரை அவரைக் கையால் தடுத்து, வெற்றிலைக்கார அம்மாவைக் காட்டி, "நீ சொல்லு. என்னா கொறை?" என்றார்.

"ஒரு கொறையும் இல்லீங்க தொரை. எல்லாரும் நல்லபடியா நடத்துறாங்க."

"நீ?"

"ஒரு கொறையும் இல்லீங்க தொரை. எல்லாரும் நல்லபடியா நடத்துறாங்க."

அதே வாக்கியம். விறாந்தையில் மனப்பாடமாக ஒப்புவிக்கப்பட்ட அதே சொற்கள், கூடைகள் தரையில் கிடக்க, நிரைக்கு நிரை வந்துகொண்டிருந்தன. குரல்களில் பணிவு இருந்தது. ஒருவரும் கூடையைத் தூக்கவில்லை. மருமகளின் முறை வந்தபோது அவளும் அதையே சொன்னாள்.

துரை முட்டாள் அல்லர். பெண்களைப் பார்த்தார். மானாப்புல்லை ஒட்டிப் பனிக்குள் மறையும் அந்த நிரையைப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். எப்போதும் சிரிக்கும் அந்த முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துரை என்னிடம் திரும்பி, இதை நீ முன்பே அறிவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தாங்கள் பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் தடியால் மண்ணைத் தட்டினார். "பழைய மாதிரி எடு" என்று பெண்களிடம் சொன்னார். கணக்கப்பிள்ளையிடம், "நீ என்கூட வா" என்றார்.

செல்லாயி கடைசி நிரையில் இறங்கினார்.

கணக்கப்பிள்ளை சிறிது காலத்துக்குள் அங்கிருந்து மாற்றப்பட்டார். தண்டிக்கப்படவில்லை, விசாரிக்கப்படவுமில்லை. வேறு தோட்டம் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டேன்; கந்தோரில் ஒருவருக்கும் தெரியாதாம். அங்கேயும் மலை உண்டு, பனி உண்டு, கடைசி நிரை உண்டு. அங்குள்ள பெண்களுக்கு நிரை மாறும் வழக்கம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்த எண்ணம் என்னை இன்னும் விட்டபாடில்லை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். அறிக்கைப் படியில் "எந்தத் தோட்ட நிர்வாகமும்" என்று எழுதி எங்கள் தலைவரிடம் கொடுத்தேன். அந்த மனிதர் எங்கே அனுப்பப்பட்டாரோ அங்கேயும் அந்த வரி போக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எழுதினேன். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார்.

"இதற்கு ஆதாரம்?"

"கண்ணால் கண்டது."

"யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை."

நான் எதையோ மறைக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டார். அவரிடம் நான் கற்றவற்றுள் மேலானது அதுவே. "சிரிப்பார்கள்" என்றார். "சிரிக்கட்டும்" என்றேன். வரி நின்றது.

ஆகவே, என் வீட்டுக்கு வந்த இளம் நண்பரே, உங்கள் நோக்கம் உயர்ந்ததாகவே இருக்கலாம். பெரிய கிளாக்கரின் நோக்கமும் உயர்ந்ததாக இருந்திருக்கலாம். அந்த மருமகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். தொங்கல் நிரை பற்றி அவர்கள் அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. அன்று கொடுக்காத பெயரை இன்றும் கொடுப்பதற்கில்லை. விலைபோனவள் என்று சொல்வோர் சொல்லிக்கொள்ளட்டும்.

விசாரணை முடிந்து நான் புறப்பட்ட பிற்பகல், பெரிய கிளாக்கர் வழியனுப்பும் சாட்டில் சந்திவரை வந்தார். பெட்டியையும் அவரே தூக்கிவந்தார். பஸ் வரும் நேரமும் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு நிறுவைக்குப் போகும் நேரமும் ஒன்று என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறாள், நான் யாரைப் பார்க்கிறேன் என்று அறியவே அவர் வந்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

கூட்டம் எங்களைக் கடந்தது. மருமகள் என் பக்கம் திரும்பினாள். கை சற்று உயர்ந்தது.

"என்னடி பராக்கு? நடடி முன்னாடி!" என்று செல்லாயி பின்னாலிருந்து அதட்டினார். பிறகு சந்தி முழுவதும் கேட்கும் குரலில் பக்கத்தில் வந்தவரிடம், "அந்தக் கொடக்காரி போறாங்களா? போவட்டும் தாயி. தெனமும் வந்து நின்னுக்கிட்டு ஒரு வேல செய்ய விட்டாங்களா நம்மள?" என்றார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கிளாக்கரும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். செல்லாயி என்னை ஒருமுறையும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மழை இல்லை. ஆயினும் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். பஸ் வரும்வரை மடக்கவில்லை.